மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது கை மரத்துப் போகிறதா?



ஒரு காலத்தில் லயத்துக்கு ஒரு சைக்கிள் இருந்தாலே பெரிய காரியம். இன்று இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களில் பல வீட்டு வாசல்களில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும், இரவில் சுகமில்லாதவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும் அதுதான் கை கொடுக்கிறது. ஆனால் நாம் வீடு வீடாகப் போகும்போது, "கை மரத்துப் போகுதுங்க ஐயா" என்று பலர் சொல்லக் கேட்கிறோம்.

ஹேண்டில் தாழ்வாகவோ தூரமாகவோ இருந்தால் உடம்பின் பாரம் உள்ளங்கையில் விழுகிறது. இறக்கத்தில் இன்னும் கூடும். அங்கே ஓடும் நரம்பு அழுத்தப்படுவதால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன. எஞ்சினின் அதிர்வும் சேர்ந்து கொள்ளும். இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. நனைந்த கையில் காற்று பட்டால் விரல் விறைத்து, பிரேக்கை எவ்வளவு பிடித்தோம் என்பதே தெரியாது. பின்னால் பிள்ளை இருக்கும்போது இது சின்ன விஷயமில்லை.

முதலில் காசு செலவில்லாத வேலையைச் செய்யுங்கள். சீட்டில் உட்கார்ந்து கிளச், பிரேக் லீவர்கள் மேல் விரல்களை வையுங்கள். முழங்கையிலிருந்து விரல் வரை நேராக இருக்க வேண்டும். மணிக்கட்டு மடிந்தால், லீவரைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, அளவாகத் திருப்பி, மறுபடி இறுக்குங்கள். பலருக்கு இதுவே போதும்.

அதற்கும் சரிவராவிட்டால் உயரமான ஹேண்டில் போடலாம். ஒரு தோட்டத்துத் தம்பி அப்படித்தான் போட்டார். பழைய எக்ஸிலேட்டர் வயரை மட்டும் மாற்றவில்லை. வளைவில் திருப்பியதும் வயர் இழுபட்டு, எஞ்சின் தானாகவே வேகமெடுத்தது. நல்ல வேளை, வண்டி தேயிலைக்குள் போய் நின்றது. அடுத்த பக்கம் பள்ளம்.

ஆகவே ஹேண்டில் மாற்றினால் கராஜிலேயே, வண்டியை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் மாறக்கூடாது. கிளச் வயரும் பிரேக் வயரும் விறைத்து நிற்கக்கூடாது. மாறினாலோ விறைத்தாலோ நீளமான வயர் தேவை. வளைந்த ஹேண்டிலை வெல்டிங் செய்து போடவே வேண்டாம்.

மழைக்கும் காற்றுக்கும் ஹேண்ட் கார்ட் நல்லது. பாதையோரக் கிளைகள் விரலில் அடிப்பதையும் தடுக்கும். மேடு பள்ளக் காட்டுப் பாதைகளில் ஓட்டுகிறவர்கள் இதற்காகவே போடுகிறார்கள். லீவரை முழுதாகப் பிடித்தாலும் கார்ட் அதில் முட்டக்கூடாது. சிலர் எண்ணெய்க் கேனை வெட்டிக் கட்டுகிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் கட்டு தளர்ந்து லீவர் மேல் சாய்ந்தால் பிரேக் பிடிக்க முடியாது. ஷொப்பிங் பையைக் கையோடு சேர்த்துக் கட்டுவது அதைவிட மோசம். அவசரத்தில் கையை எடுக்க வராது.

வண்டி ஓட்டாத நாளிலும், இரவில் படுத்த பிறகும் கை மரத்தால் குற்றம் ஹேண்டிலில் இல்லாமலும் இருக்கலாம். சீனி வருத்தத்தாலும் அப்படி வரும். தோட்ட டிஸ்பென்சரியில் ஒரு முறை காட்டுங்கள்.