விளம்பரத்தில் 500 யூரோ... கையைக் கடிப்பது எவ்வளவு? ஜெர்மன் மலைச்சரிவில் ஒரு வாடகை வீடு!

கொலோனிலோ டுஸ்ஸல்டார்ஃபிலோ வேலை கிடைத்து, வாடகையைக் கேட்டுத் திகைத்துப்போகிறவர்கள் அடுத்துத் தேடும் ஊர் வுப்பர்டால். இரண்டு நகரங்களுக்கும் ரயிலில் சுமார் அரை மணி நேரம்தான். வாடகையும் நன்றாகவே குறைவு. ஆனால், இது மேடு பள்ளமான ஊர். வுப்பர் ஆற்றின் மேலே தொங்கியபடி 1901-லிருந்து ஓடும் புகழ்பெற்ற தொங்கு ரயில் பள்ளத்தாக்கோடு போய்விடும். வீடுகளோ இருபுறமும் சரிவில் ஏறிக்கொண்டே போகின்றன. ஊர் முழுக்க நானூறுக்கும் மேற்பட்ட பொதுப் படிக்கட்டுகள்!

எல்பர்ஃபெல்ட் பக்கம் இருக்கும் 'ஓல்பெர்க்' இளைஞர்களுக்குப் பிடித்த பகுதி. பெயருக்கு 'எண்ணெய் மலை' என்று அர்த்தம். கீழே வசதியானவர்களின் வீடுகளுக்கு மின்சாரம் வந்த பிறகும், தொழிலாளர்கள் வாழ்ந்த இந்த மேட்டில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்ததாம். முதல் உலகப்போருக்கு முன்பு கட்டிய வீடுகள், உயரமான கூரை, அழகான முகப்பு. லிஃப்ட்டை மட்டும் பெரும்பாலும் எதிர்பார்க்காதீர்கள். பார்க்கிங் தினசரித் தலைவலி.

விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது 'கால்ட்மீட்டே', அதாவது 'குளிர் வாடகை'. உதாரணத்துக்கு அது 500 யூரோ என்று வைத்துக்கொள்வோம். ஹீட்டர், தண்ணீர், குப்பை, படிக்கட்டு சுத்தம் எல்லாம் சேர்ந்தால் 700-ஐத் தொடலாம். அதுதான் 'வார்ம்மீட்டே', சூடான வாடகை. மின்சாரமும் இன்டர்நெட்டும் பெரும்பாலும் இதிலும் சேராது. தவிர, ஹீட்டருக்கு மாதாமாதம் கட்டுவது முன்பணம் மட்டுமே. வருடக் கணக்குப் பார்த்து மீதிக்கு பில் வரும். கூரை உயரமான பழைய வீட்டில் அந்த பில் பதறவைக்கலாம்.

வீடு காட்டும்போது ஆற்றல் சான்றிதழ் காட்ட வேண்டும் என்பது சட்டம். பாரம்பரியக் கட்டடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஓல்பெர்க்கில் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய. எனவே, கடைசி வருட ஹீட்டர் பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

சரிவில் கட்டிய வீட்டில் இன்னொரு விஷயம். தெருப்பக்கம் தரைத்தளமாகத் தெரிவது, பின்பக்கம் பாதி மண்ணுக்குள் இருக்கலாம். அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். பூஞ்சை வாடை வந்தால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். வாஷிங் மெஷின் பல கட்டடங்களில் நிலவறையில்தான். நான்காவது மாடிக்காரர் துணிக்கூடையோடு இறங்கி ஏறவேண்டும்.

'3 அறை' என்றால் அது ஹாலையும் சேர்த்து. நம் கணக்கில் 2 பி.ஹெச்.கே. கிச்சனிலோ பல வீடுகளில் சிங்க்கூட இருக்காது! முந்தைய குடித்தனக்காரரிடம் அடுப்பு, அலமாரிகளை விலை பேசி வாங்கிக்கொள்வது அங்கே சகஜம்.

அட்வான்ஸ் விஷயத்தில் சட்டம் நம் பக்கம். குளிர் வாடகையைப் போல மூன்று மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்டலாம். புரோக்கரை ஹவுஸ் ஓனர் அமர்த்தியிருந்தால் கமிஷன் அவர் பொறுப்பு. 2015 முதல் இதுதான் விதி.

குடியேறியதும் ஹவுஸ் ஓனரிடம் 'இவர் இங்கே குடிவந்திருக்கிறார்' என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். காலி செய்வதென்றால் பொதுவாக மூன்று மாத நோட்டீஸ். அதை இமெயிலில் அனுப்பினால் செல்லாது. பேனாவால் கையெழுத்துப் போட்ட கடிதம்தான் செல்லும்.