குவாரித் தண்ணீருக்குள் பிள்ளையை விடலாமா?

"தண்ணிப் பக்கம் போகாதே." லண்டனில் வளர்ந்த நம்மில் எத்தனை பேர் இதைக் கேட்டு வளர்ந்திருப்போம்! அம்மா அப்பா சொன்னதில் நியாயம் இருந்தது. ஊரில் கிணறோ குளமோ கடலோ தெரிந்த யாரையாவது கொண்டுபோயிருக்கும். இப்போது நாமே அம்மா அப்பா. அதே வசனத்தை நம்ம பிள்ளைகளுக்கும் சொன்னால் போதுமா?

2016 ஓகஸ்ட் 24ஆம் திகதி, நல்ல வெயில் நாள். லண்டனிலிருந்து கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரைக்குப் போன ஐந்து தமிழ் இளைஞர்கள் அன்று கடலில் இறந்தார்கள். வயது 18 முதல் 27 வரை. அதில் இருவர் அண்ணன் தம்பி. அன்று அங்கே ஆயுள்காப்பாளர்கள் இல்லை, அதற்குப் பிறகுதான் நிறுத்தப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வெயில் அடித்தால் இளம் பிள்ளைகள் தண்ணீரைத் தேடிப் போவார்கள், நாம் வேண்டாம் என்றாலும் போவார்கள். அப்படிப் போகும்போது அவர்களுக்குத் தண்ணீரைப் பற்றி என்ன தெரிந்திருக்கும் என்பதுதான் கேள்வி.

கடல் தூரம் என்றால் இந்த நாட்டில் பழைய குவாரிகள் இருக்கின்றன. கல்லோ சரளையோ தோண்டி முடிந்ததும் பம்பை நிறுத்துவார்கள், ஊற்றுத் தண்ணீர் வந்து நிரம்பிவிடும். மேலிருந்து பார்த்தால் நீலமாக, அமைதியாக, கூப்பிடுகிற மாதிரி இருக்கும். ஆனால் கரை செங்குத்து, ஏறி வரப் பிடி கிடைக்காது. கோடையில் மேல்மட்டம் மட்டும்தான் சூடு. சில மீற்றர் கீழே போனால் சட்டென்று குளிரும், ஆழத்தில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்தில்தான் நிற்கும்.

15 பாகைக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று குதித்தால் உடம்பு தன்பாட்டில் ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. நன்றாக நீந்தத் தெரிந்தவனுக்கும் இதே நிலைதான். ஆனால் இந்த அதிர்ச்சி ஒன்றரை நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அதனால்தான் உயிர்காப்புப் படகு நிறுவனமான ஆர்.என்.எல்.ஐ. ஒரே ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது: அடித்துப் பதறி நீந்தாதே, மல்லாந்து மித, மூச்சு சரியானதும் மற்றதைப் பார்.

இதே மாதிரிக் குவாரிகளில்தான் இந்த நாட்டில் ஏராளமானவர்கள் ஸ்கூபா பழகுகிறார்கள். லெஸ்டர்ஷையரில் ஸ்டோனி கோவ் என்று ஒன்று இருக்கிறது, எம்1 பாதையில் லண்டனிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம். 1958 வரை கருங்கல் வெட்டிய இடம். வெட்டிய படிகள் இப்போது வெவ்வேறு ஆழங்களில் தட்டுகளாக இருக்கின்றன. பழகுநர்கள் ஆழம் குறைந்த தட்டில் தொடங்குவார்கள். மிக ஆழமான இடம் சுமார் 35 மீற்றர். பார்ப்பதற்கென்றே 2000ஆம் ஆண்டில் 'ஸ்டேன்கார்த்' என்ற பழைய இழுவைக் கப்பலை மூழ்கடித்து வைத்திருக்கிறார்கள். இன்னும் பக்கத்தில் வேண்டும் என்றால் ஹீத்ரோவுக்கு மேற்கே ரேஸ்பரியில், சரளை தோண்டிய குழி ஒன்றில், விமானங்கள் தலைக்கு மேல் போகப் போக ஆட்கள் மூழ்குகிறார்கள்.

தண்ணீர் ஒன்றுதான், இறங்குகிற விதம்தான் வேறு. தடித்த நியோப்ரீன் உடையோ உள்ளே தண்ணீர் புகாத உடையோ போட்டு, பயிற்றுநரோடு, படிப்படியாக இறங்குவார்கள். முதல் விதி: மூச்சை ஒருபோதும் அடக்காதே. 10 மீற்றரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும்.

அடுத்த பாடம் முகமூடிக்குள் தண்ணீரை விட்டு, பதறாமல், மூக்கால் ஊதி வெளியேற்றுவது. பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய சோதனை. மூக்கில் தண்ணீர் பட்டாலும் வாயால் ஆறுதலாக மூச்சு விடலாம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும். குளிர்த்தண்ணீரில் தவறி விழுந்தால் தேவைப்படுவதும் இதே நிதானம்தான்.

யாரும் தனியாக இறங்குவதில்லை. இறங்க முதல் இருவரும் ஒருவர் மற்றவரின் உடை, எடை, காற்று எல்லாவற்றையும் வரிசையாகச் சரிபார்ப்பார்கள். சொப்ட்வெயார் வேலை செய்கிற எனக்கு இது நன்றாக விளங்கியது. எத்தனை தடவை செய்த வேலை என்றாலும் செக்லிஸ்ட் செக்லிஸ்ட்தான். நமக்கு இது புதுசும் இல்லை. மன்னார்க் கடலில் முத்துக்குளித்தவர் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்க, மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே போனவரின் உயிர் அந்தக் கையில்தான் இருந்தது.

எந்த வயதில் தொடங்கலாம்? பாடி அமைப்பின் விதிப்படி 8 வயதில் நீச்சல் தடாகத்தில், 2 மீற்றருக்கு மேல் போகாமல், ருசி பார்க்கலாம். 10 வயதில் ஜூனியர் சான்றிதழுக்குப் படிக்கலாம். சான்றிதழ் எடுத்த பிறகும் 10, 11 வயதுப் பிள்ளை 12 மீற்றருக்குக் கீழே போகக்கூடாது. கூடவே சான்றிதழ் உள்ள அம்மாவோ அப்பாவோ, இல்லாவிட்டால் பயிற்றுநரோ இருக்க வேண்டும். சான்றிதழுக்கு 200 மீற்றர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். ஆஸ்துமா, காதுக் குத்து ஏதும் இருந்தால் முதலில் டொக்டரிடம் கேளுங்கள்.

ஸ்கூபா எல்லோருக்கும் வேண்டும் என்று சொல்லவில்லை, செலவும் இருக்கிறது. ஆனால் அந்த 10 நிமிட மிதப்பு எல்லோருக்கும் வேண்டும். இங்கிலாந்துப் பாடத்திட்டப்படி இயர் 6 முடிவதற்குள் பிள்ளை 25 மீற்றர் நீந்த வேண்டும். அது சூடான, தெளிந்த தடாகத்தில் 25 மீற்றர். பள்ளிக்கூடம் பழக்கிவிட்டது என்று நாம் விட்டுவிட முடியாது.

இந்தச் சனிக்கிழமை பிள்ளையைப் பக்கத்துத் தடாகத்துக்குக் கூட்டிப்போய், மல்லாந்து எவ்வளவு நேரம் மிதக்கிறாள் என்று பாருங்கள். உங்களுக்கே நீந்தத் தெரியாது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெரியவர்களுக்கான வகுப்புகள் பல தடாகங்களில் நடக்கின்றன. "போகாதே" என்று சொல்வதைவிட, "வா, நானும் வாறன்" என்று சொல்வது கடினம்தான். கயிற்றைப் பிடிக்கிற ஆள் நாமாக இருக்க வேண்டுமென்றால், நாமும் தண்ணீருக்குப் பக்கத்தில் போகத்தான் வேண்டும்.