படகில் ஏறும் முன் எண்ணிப் பாருங்கள்

தீபாவளி போனஸ் கைக்கு வந்த வாரம் அவிநாசியில் பனியன் கம்பெனிகள் அடைத்துக் கிடக்கும். சொந்த ஊருக்குப் போகிறவர்கள் போக, மற்றவர்கள் சுற்றுலா கிளம்பிவிடுவார்கள். முன்பெல்லாம் பழனி, ஊட்டி, மிஞ்சினால் ராமேஸ்வரம். இப்போது ஒரே லைனில் தைக்கிற பத்துப் பேர் மாதாமாதம் பணம் சேர்த்து அந்தமானுக்கே போய் வருகிறார்கள். ஒன்றரை ஷிப்ட் ஓவர்லாக் மெஷினில் குனிந்து கிடப்பவர்கள் நாலு நாள் கடலைப் பார்த்து நிமிர்வது நல்ல விஷயம். அவர்கள் முழுசாகத் திரும்பி வரவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2014 ஜனவரி 26-ஐ மறக்க முடியாது. அந்தமானில் ரோஸ் தீவு பக்கமிருந்து நார்த் பே நோக்கிப் போன சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் பலர் நம்மைப் போலவே நெசவை நம்பி வாழும் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகப் போனவர்கள். படகில் அனுமதித்ததைவிட அதிகம் பேரை ஏற்றியிருந்தார்கள்.

ஆகவே, ஏறும் முன் தலைகளை எண்ணுங்கள். இத்தனை பேருக்குத்தான் அனுமதி என்று படகிலேயே எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் படகோட்டியிடம் கேளுங்கள். எண்ணிக்கை மீறினால் ஏற மறுத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். “எல்லாரும் ஏறிட்டாங்க, நீங்க மட்டும் ஏங்க?” என்பார்கள். அந்தக் கூச்சத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். ஒருமுறை நாங்கள் குடும்பத்தோடு ஒரு படகுத்துறையில் நின்றபோது, கொடுத்த ஜாக்கெட்டில் மூன்று கிளிப்பில் இரண்டு உடைந்திருந்தது. மூன்றாவது நாடாவைச் சணலால் முடிந்திருந்தார்கள். என் அத்தை மகள் அதை மாட்டியதும் கைகளைத் தூக்கச் சொல்லி, தோள்பக்கம் பிடித்து மேலே இழுத்தேன். தலை வழியாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. தண்ணீரில் விழுந்தாலும் இதேதான் நடக்கும். ஜாக்கெட் மட்டும் மிதக்கும். வேறு கேட்டு, தையலும் கிளிப்பும் பார்த்துத்தான் ஏறினோம். செக்கிங் டேபிளில் ஒரு ஊசி ஓட்டையைக்கூட விடாத கண்கள் நம்முடையவை. ஜாக்கெட்டைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட தலம் நம் அவிநாசி. அந்தமானில் உண்மையிலேயே உப்புநீர் முதலைகள் இருக்கின்றன. 2010-ல் ஹேவ்லாக்கில், இப்போதைய ஸ்வராஜ் தீவில், கடலில் நீந்திய ஒரு வெளிநாட்டுப் பயணியை முதலை கொன்றது. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கணுக்கால்கூட நனையக் கூடாது. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் முதலை இல்லை. ஆனால் இரண்டு கடலும் சேரும் இடத்து நீரோட்டம் நல்ல நீச்சல்காரரையும் இழுத்துவிடும். பொதுவாகவே கடற்கரையில் இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும் இடம் ஆபத்தானது. அங்கேதான் தண்ணீர் உள்ளே திரும்பி ஓடுகிறது. சிக்கினால் கரையை நோக்கிப் போராடிக் களைத்துவிடாமல் மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியேற வேண்டும்.

ஸ்கூபா போனால் அடுத்த 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. கடைசி நாளில் அதை வைத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பவளத் துண்டுகளையும் சங்குகளையும் பையில் போடாதீர்கள். பவளமும் பல சங்கு வகைகளும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. அந்தமான் பழங்குடிகளான ஜாரவா மக்களைப் படம் பிடிப்பதும் குற்றம்.

நம் லீவு வரும் காலம்தான் வங்கக் கடலில் புயல் காலமும். 2016 டிசம்பரில், பின்னர் வர்தா புயலான வானிலையால் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கினார்கள், கடற்படைதான் மீட்டது. புயலுக்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் படகு ஓடாத நாளுக்கு வாங்கிய பணம் யாருக்கு என்பதை முன்பே பேசி எழுதி வாங்க வேண்டும். வானிலையால் விமானம் ரத்தானால் நஷ்டஈடு கிடைக்காது. ஆனால் டிக்கெட் பணமோ மாற்று விமானமோ கேட்டு வாங்கலாம்.

ஏமாந்தால் என்ன செய்வது? பலர் “கம்பெனி சென்னையில இருக்கு, எங்க போய்க் கேஸ் போடறது?” என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் கவலை வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். அவிநாசிக்காரருக்குத் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இங்கே வேலை பார்க்கும் ஒடிசா, பீகார் தொழிலாளிக்கும் அதே உரிமை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. பிரச்சினை நடந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் பாருங்கள். சில தகராறுகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன.

ஆனால் கையில் காகிதம் வேண்டும். பில் தர மறுப்பதையே அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. மேஸ்திரி மூலமாகவோ, தெரிந்த அண்ணன் மூலமாகவோ பணம் கொடுத்தாலும் ஏஜென்சி பெயரில் ரசீது வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தை அழிக்காதீர்கள். அதில் சொன்னது கிடைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. உடைந்த ஜாக்கெட்டையும் நெரிசலான படகையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல் படைக்கு 1554, பொதுவான அவசரத்துக்கு 112.

அடுத்த தீபாவளிக்குப் பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டவர்கள் டூர்க்காரரிடம் இந்த வாரமே மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் படகு? எத்தனை பேருக்கு அனுமதி? மழையில் ரத்தானால் பணம் எத்தனை நாளில் வரும்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராதவரை முன்பணம் கட்டாதீர்கள்.