கேரவனில் வெந்நீர் வரலையா? கை வைக்கும் முன் இதைப் பாருங்க... படியில் காத்திருக்கிறது 'ஷாக்'!

விடியற்காலை 5 மணி. படப்பிடிப்பு தளத்தில் கேரவன் வந்து நின்று அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். உள்ளே போனவர் குழாயைத் திறந்ததும் சத்தம் கேட்கும். "என்னப்பா இது, பச்சைத் தண்ணியா வருது!"

அடுத்த நிமிடம் மேனேஜர் போன் பண்ணுவார். திட்டு வாங்குவது டிரைவர். வண்டி ஓட்டுவது, தண்ணீர் பிடிப்பது, ஜெனரேட்டர் போடுவது, பாத்ரூம் கழுவுவது எல்லாம் அவர்தான். இப்போது எலக்ட்ரீசியன் வேலையும் அவர் தலையில். கையில் ஒரு டெஸ்டர், ஒரு ஸ்குரு டிரைவர். அவசரத்தில் மூடியைக் கழற்றுகிறார். ஆபத்து ஆரம்பிப்பது அங்கேதான்.

முன்பு கேரவன் என்றால் சினிமாவுக்கு மட்டும். இப்போது தேர்தல் பிரசாரம், கல்யாண வீடு, சுற்றுலா என்று எங்கும் ஓடுகிறது. கேரளத்தில் 2021-ம் ஆண்டு கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை அறிவித்தார்கள். வண்டி கூடக்கூட ஹீட்டர் தகராறும் கூடத்தானே செய்யும்!

ஹீட்டர் என்னவோ வீட்டில் மாட்டும் அதே ஹீட்டர்தான். ஆனால் வீடு ஓடாது, குலுங்காது, ரப்பர் டயரில் நிற்காது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

தண்ணி இருக்கா? முதல்ல அதைப் பாருங்க

ஹீட்டருக்குள் இருக்கும் காயில் தண்ணீரில் மூழ்கியே இருக்க வேண்டும். தண்ணீர்தான் அதன் சூட்டை வாங்கிக்கொள்கிறது. காலி ஹீட்டரில் சுவிட்சைப் போட்டால் சூடு போக வழியில்லை. சில நொடிகளில் காயில் சிவந்து, வெடித்துப் போகும். அவ்வளவுதான், காயில் அவுட்!

சர்வீசுக்குப் போய் வந்த வண்டி, டேங்க் கழுவிய வண்டி, பல நாள் ஷெட்டில் நின்ற வண்டி. இந்த மூன்றிலும்தான் காயில் அதிகம் எரியும். மேல் டேங்க் நிறைய தண்ணீர் இருந்தாலும் ஹீட்டருக்குள் காற்று நிற்கலாம். அதனால் டேங்க்கைத் தட்டிப் பார்த்துவிட்டு 'ஃபுல்' என்று நம்பக்கூடாது.

வழி சுலபம். பம்பைப் போட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்து விடுங்கள். முதலில் 'புஸ் புஸ்' என்று காற்றோடு துப்பும். துப்பல் நின்று ஒரே சீராகக் கொட்ட ஆரம்பித்தால் ஹீட்டர் நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் சுவிட்ச். அமெரிக்காவில் வீடு மாதிரியே பெரிய பெரிய வேன்களில் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறார்கள். அங்கேயும் காயில் எரிவதற்கு இது முக்கியமான காரணம்.

கெட்டது ஹீட்டரா, கரண்டா?

தண்ணீர் இருக்கிறது, லைட்டும் எரிகிறது, ஆனால் சூடு ஏறவே மாட்டேங்குது. உடனே ஹீட்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

வண்டி பேட்டரி இன்வெர்ட்டரில் ஓடுகிறதா என்று பாருங்கள். 150 ஏ.எச். பேட்டரி ஒன்றில் கணக்குப்படி இருப்பதே 1,800 வாட் ஒரு மணி நேரத்துக்கு. 2,000 வாட் ஹீட்டரை அது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதனால் பல வண்டிகளில் இன்வெர்ட்டர் லைனில் ஹீட்டரைச் சேர்ப்பதே இல்லை. லைட், ஃபேன் ஓடும், ஹீட்டர் ஓடாது. ஜெனரேட்டரைப் போட்டால்தான் வேலை செய்யும். இது தெரியாமல் நல்ல ஹீட்டரைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு.

அடுத்தது லோ வோல்டேஜ். 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வோல்ட் வந்தால் ஏதோ கொஞ்சம்தான் குறையும் என்று நினைப்போம். அப்படி இல்லை. 2,000 வாட் ஹீட்டர் அப்போது சுமார் 1,200 வாட் வேலைதான் செய்யும். 20 நிமிடத்தில் சுட வேண்டிய தண்ணீர் அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்கும்.

வோல்டேஜ் எங்கே போச்சு? பாதி நேரம் ஒயரில்தான். 50 மீட்டர் தள்ளியிருக்கும் வீட்டிலிருந்து 1.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர் இழுத்து ஏ.சி.யையும் ஹீட்டரையும் சேர்த்துப் போடுகிறார்கள். 20 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 24 வோல்ட் காலி. அந்த ஒயரை டிரம்மில் சுற்றியபடியே விட்டால் இன்னும் மோசம். சூடு வெளியே போகாமல் மேல் தோல் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒயரை முழுசாகப் பிரித்துப் போட வேண்டும். ஏ.சி.யை அணைத்துவிட்டு ஹீட்டரைப் போட்டால் இன்னும் நல்லது.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சென்னையில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக 28 டிகிரியில் வரும். 15 லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்ற 2,000 வாட் ஹீட்டருக்கு 17 நிமிடம் போதும். மலையில் மார்கழிக் குளிரில் தண்ணீர் 10 டிகிரியில் இருந்தால் அதே ஹீட்டருக்கு 26 நிமிடம் ஆகும். ஹீட்டர் கெடவில்லை, குளிர் அதிகம். இதை மேனேஜரிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் காலையில் திட்டு மிச்சம்.

குலுங்கிக் குலுங்கி கழன்ற ஸ்குரு

லைட்டே எரியவில்லையா? எம்.சி.பி. இறங்கியிருக்கிறதா, பிளக் சரியாகச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கில் கருகிய வாசனை வந்தால் அதில் மறுபடி செருகாதீர்கள்.

வீட்டு ஹீட்டர் மாட்டிய இடத்தில் வருஷக்கணக்கில் அசையாமல் தொங்குகிறது. கேரவன் ஹீட்டரோ பொள்ளாச்சிக்கும் ராமோஜிக்கும் ராத்திரி பகலாகக் குலுங்கிப் போய் வருகிறது. உள்ளே ஒயரைப் பிடித்திருக்கும் ஸ்குரு மெல்ல மெல்லக் கழலும். தளர்ந்த இடத்தில் தீப்பொறி விழும், சூடேறும், கருகும். ஒவ்வொரு நீண்ட பயணத்துக்குப் பிறகும் மெயினை அணைத்துவிட்டு ஸ்குருவை முடுக்கிப் பார்ப்பது எலக்ட்ரீசியனுக்குப் பத்து நிமிட வேலை.

உள்ளே சிவப்பாக ஒரு சின்ன பட்டன் இருக்கும் மாடல்கள் உண்டு. தண்ணீர் அளவுக்கு மீறிக் கொதித்தால் கரண்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு அது. மெயினை அணைத்துவிட்டு ஒருமுறை அமுக்கிப் பார்க்கலாம். மறுபடியும் துண்டித்தால் தெர்மோஸ்டாட் போய்விட்டது என்று அர்த்தம். அதை மாற்ற வேண்டும். பட்டனை அமுக்கி அமுக்கியே ஓட்டுவதும், ஒயரை நேராகச் சேர்த்துவிடுவதும் ஹீட்டரை வெடிகுண்டாக்கும் வேலை.

காயில் உயிரோடு இருக்கா?

இதை மல்டிமீட்டர் சொல்லிவிடும். கரண்டை முழுசாகத் துண்டித்து, காயிலின் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு ஓம்ஸில் வைத்துப் பார்க்க வேண்டும். 2,000 வாட் காயில் என்றால் சுமார் 26 ஓம், 3,000 வாட் என்றால் 18 ஓம் அளவில் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது.

அதோடு விடக்கூடாது. காயில் முனைக்கும் ஹீட்டர் பாடிக்கும் நடுவே வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே எதுவுமே காட்டக் கூடாது. காட்டினால் கரண்ட் பாடிக்குக் கசிகிறது. சில காயில் குளிர்ந்திருக்கும்போது நல்ல பிள்ளையாக இருக்கும், சூடானதும் கசியும். சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீசியனிடம் உள்ள மெகர் கருவியில் சோதிக்கச் சொல்லுங்கள்.

காயில் ஏன் விரிகிறது? பெரும்பாலும் உப்புதான். லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் ஏறினால் காயிலைச் சுற்றிச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படியும். சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தேங்கும். மேல் உறை விரியும். விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். ஹீட்டருக்குள் 'கட கட' என்று சத்தம் கேட்டால் உப்பு ஏறியிருக்கிறது, கழற்றிச் சுத்தம் செய்ய நேரம் வந்துவிட்டது.

டிரிப் ஆகுதா? அதுதான் எச்சரிக்கை

இப்போது முக்கியமான விஷயம். ஹீட்டரைப் போட்டதும் 'டக்' என்று மொத்த வண்டியும் அணைகிறது. அல்லது ஐந்து நிமிடம் ஓடிவிட்டு அணைகிறது.

இறங்கியது எது என்று பாருங்கள். எம்.சி.பி. என்றால் லோடு அதிகம், இல்லையென்றால் ஷார்ட். 'டி' என்று ஆங்கில எழுத்து போட்ட டெஸ்ட் பட்டன் உள்ள பெரிய சுவிட்ச் இறங்கினால் அது ஆர்.சி.சி.பி. போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் கணக்கு ஒத்துப்போகாவிட்டால், எங்கோ கசிகிறது என்று அது விழுந்துவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே போதும். 

எந்தப் பொருள் கசிகிறது என்று கண்டுபிடிக்க ஹீட்டர் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. நியூட்ரல் பக்கம் கசிந்தால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் டிரிப் ஆகும். பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கிய பிறகு டிரிப் நின்றால் குற்றவாளி ஹீட்டர்தான்.

ஆனால் தளத்தில் நடப்பது என்ன? "ஷாட் ரெடி, சும்மா சும்மா விழுது. நேரா கொடுத்துடு தம்பி, சாயங்காலம் பாத்துக்கலாம்." ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி ஒயரைச் சேர்த்துவிடுவார்கள். தண்ணீர் சுடும். எல்லோருக்கும் நிம்மதி. அந்த சாயங்காலம் வருவதே இல்லை.

உள்ளே இருப்பவருக்குத் தெரியாது... இறங்குபவருக்குத்தான் அடி

கேரவன் நிற்பது ரப்பர் டயரில். வண்டியின் இரும்பு உடம்புக்கும் தரைக்கும் தொடர்பு இல்லை. வீட்டு லைனிலிருந்து கரண்ட் எடுத்திருக்கும்போது, ஹீட்டர் காயிலிலிருந்து கசியும் கரண்ட் எர்த் ஒயர் வழியாகத்தான் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் அது வண்டியின் உடம்பிலேயே தங்கிவிடும். கதவு, கைப்பிடி, படி எல்லாம் 230 வோல்ட்!

உள்ளே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. கரண்ட் கம்பியில் உட்கார்ந்த காக்கா மாதிரிதான் அவர் நிலைமை. குளிப்பார், மேக்கப் போடுவார், டீ குடிப்பார். ஆனால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை ஈரத் தரையில் வைத்து இறங்கும்போது, அவர் உடம்பு வழியாகக் கரண்ட் தரைக்குப் பாயும். வெளியே நின்றுகொண்டு கதவைத் திறக்கும் டீ பையனுக்கும் அதே கதிதான். டிரைவர் ஒரு நாளில் எத்தனை தடவை ஏறி இறங்குகிறார்? அவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

எர்த் இல்லாவிட்டாலும் ஆர்.சி.சி.பி. சரியாக இருந்தால் அடி விழுந்த நொடியில் கரண்டைத் துண்டித்து உயிரைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அதையும் தாண்டி ஒயரைச் சேர்த்திருந்தால் காப்பாற்ற ஒன்றுமில்லை. பாயிண்டில் நுழையவில்லை என்று பிளக்கின் பெரிய எர்த் பின்னை உடைத்துவிட்டு ரெண்டு பின்னில் செருகும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இது சாமானிய முட்டாள்தனம் அல்ல.

ஜெனரேட்டரில் ஓடினால் வேறு மாதிரிச் சிக்கல். ஜெனரேட்டரின் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்காமல் விட்டிருந்தால் நிஜமாகக் கசியும்போது ஆர்.சி.சி.பி. விழாமல் போகலாம். டெஸ்ட் பட்டனை அமுக்கினால் மட்டும் ஒழுங்காக விழும். 'நல்லாத்தானே வேலை செய்யுது' என்று ஏமாந்து போவோம். அதனால் டெஸ்ட் பட்டனோடு நிற்காமல் எர்த் இணைப்பையும் எலக்ட்ரீசியனை வைத்துப் பார்க்க வேண்டும்.

வண்டியில் கரண்ட் ஏறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க, ஈரத் தரையில் ஒரு இரும்புக் கம்பியை அடித்து, அதற்கும் வண்டி உடம்புக்கும் நடுவே மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து எலக்ட்ரீசியன் பார்ப்பார். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். கைப்பிடியில் டெஸ்டர் வைத்து லைட் எரிந்தால் யாரும் தொடக்கூடாது. எரியாவிட்டால் பத்திரம் என்றும் நம்பக்கூடாது. செருப்பு, காய்ந்த தரை எல்லாம் டெஸ்டரை ஏமாற்றும்.

தொட்டதும் லேசாக 'ஜிவ்வு'ன்னு இருந்தாலே போதும். "ஈரக் கை, அதான்" என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே யாராவது இருந்தால் இறங்க வேண்டாம் என்று சத்தம் போட்டுச் சொல்லுங்கள். வண்டியைத் தொடாமல் கரண்ட் வரும் இடத்திலேயே மெயினை அணையுங்கள், ஜெனரேட்டரை நிறுத்துங்கள். அதற்குப் பிறகு அவரை இறக்கலாம்.

யாராவது மாட்டிக்கொண்டால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தவரும் சேர்ந்து விழுவார். முதலில் மெயின் ஆப். முடியாவிட்டால் ஈரமில்லாத கட்டையால் விலக்குங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். மூச்சு இல்லாவிட்டால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையும் வைத்து வேகமாக, ஆழமாக அமுக்கிக்கொண்டே இருங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை.

மற்றபடி, புது காயில் மாட்டிக்கொண்டு கிளம்பும் டிரைவர்கள் முதல் தடவை சுவிட்ச் போடும் முன் வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் சீராக வருகிறதா என்று பார்த்துக்கொள்ளவும். புது காயில் போட்ட அன்றைக்கே எரிந்துபோவதும் அடிக்கடி நடப்பதுதான்.