சேற்று நிலத்துக்கு ஏற்ற நாற்சக்கர வண்டி

சேற்றில் ஓட்டுவதற்கென ஒரு வண்டி வாங்க விரும்புபவர் கடைக்குச் சென்றால், விற்பனையாளர் முதலில் எடுத்துரைப்பது எஞ்சினின் பெருமையைத்தான். இத்தனை சி.சி., இத்தனை குதிரைத்திறன் என்று எண்கள் அடுக்கடுக்காக வரும். ஆனால் மிக வலுவான எஞ்சின் பூட்டிய வண்டியும் சேற்றில் அசையாது நிற்பதுண்டு. சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று தமக்குத் தாமே குழி பறித்துக்கொள்ளும். வலு இருந்தும் அது நிலத்தைப் பற்றவில்லை என்பதே காரணம். ஆகவே இவ்வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது எஞ்சினுக்கு முன்னால் பார்க்கவேண்டியவை எவை என்பதை நோக்குவோம்.

நாம் பேசுவது ஏ.டி.வி. எனப்படும் வண்டியைப் பற்றி. குதிரைமேல் அமர்வதுபோல் இருபுறமும் காலிட்டு அமர்ந்து, மோட்டார் சைக்கிளுக்கு உள்ளது போன்ற கைப்பிடியால் இதனைத் திருப்புகிறோம். ‘எந்நிலத்திலும் செல்லும் வண்டி’ என்பது அதன் ஆங்கிலப் பெயரின் பொருள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, அப்பெயர் சற்று மிகையாகவே படுகிறது. 1970-இல் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த வண்டிக்கு மூன்றே சக்கரங்கள். அது எளிதில் கவிழ்ந்தது. 1982-இல் சுசுகி நிறுவனம் நான்கு சக்கர வண்டியை வெளியிட்டது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டியை ஹோண்டா 1986-இல் வெளியிட்டது. மூன்று சக்கர வண்டிகளோ, அரசுடன் உற்பத்தியாளர்கள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 1988-இல் அமெரிக்கக் கடைகளைவிட்டு அகன்றன. லூயிசியானா, மிசிசிப்பி முதலிய தென் மாநிலங்களின் வண்டல் நிலங்களில், சேற்றில் இறங்கி ஓட்டுவதே இன்று ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது.

இனி டயரைப் பார்ப்போம். கார் டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டுக்கு மேல் காற்று அடைக்கிறோம். ஏ.டி.வி. டயருக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 பவுண்டு போதும். காற்று குறைவாக இருப்பதால் டயர் தரையில் பரந்து பதிந்து, பாரத்தைப் பகிர்ந்து தாங்குகிறது. ஆயினும் வண்டியோடு வரும் பொதுவகை டயரின் பற்கள் குட்டையானவை, நெருக்கமானவை. களிமண் அவற்றின் இடுக்குகளில் அப்பிக்கொண்டால் டயர் வழுவழுப்பான உருளையாகிவிடும். சேற்று டயரின் பற்களோ ஓர் அங்குலத்துக்கு மேல் உயர்ந்து, இடைவெளி விட்டு நிற்கும். சுழலும் வேகத்தில் சேற்றைத் தாமே உதறிவிடும். நம் உழவர் நாற்று நடுமுன் டிராக்டருக்கு இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுவதைக் கண்டவர்களுக்கு இதன் தத்துவம் விளங்கும். ஓரடி ஆழத்தில் கெட்டித் தரை இருக்கும் இடமானால் உயர்ந்து ஒடுங்கிய டயர் சேற்றை அறுத்துக்கொண்டு போய் அத்தரையைப் பற்றும். அடியே இல்லாத உளையானால் அகன்ற டயர்தான் மேலாகத் தாங்கிச் செல்லும். எனவே வாங்குபவர் முதலில் தாம் ஓட்டப்போகும் நிலத்தை அறிந்திருக்கவேண்டும்.

பெரிய டயர் போட்டால் வண்டி உயர்ந்துவிடும் என்று சொல்வார்கள். 26 அங்குல டயரைக் கழற்றி 30 அங்குல டயர் போட்டால் வண்டியின் அடிவயிறு உயர்வது 2 அங்குலமே. ஆனால் பாரமும் அதே அளவுக்கு மேலே ஏறுகிறது. சரிவில் கவிழும் அபாயம் கூடுகிறது. அச்சுத் தண்டுகளுக்கும் சுமை மிகுதி.

‘நான்கு சக்கரங்களுக்கும் விசை’ என்ற சொற்றொடரைக் கேட்டவுடன் மனநிறைவு கொள்ளலாகாது. இவ்வகை வண்டிகள் பலவற்றில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகவே சுழலும். முன்புறத்திலோ டிபரன்ஷியல் என்னும் பற்சக்கரப் பெட்டி இருக்கிறது. திருப்பத்தில் உட்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் விரைவாகவும் சுழல அது இடம் தருகிறது. சேற்றில் அந்த நன்மையே தீமையாகிறது. ஒரு சக்கரம் வழுக்கிச் சுழன்றால், பிடிப்புள்ள மற்றொன்று சும்மா நிற்கும். அப்பொழுது இரண்டையும் பூட்டி ஒன்றாகச் சுழற்றும் வசதி சில வண்டிகளில் உண்டு. வேறு சிலவற்றில் பின் சக்கரம் வழுக்கியவுடன் முன் சக்கரம் இரண்டும் தாமாகவே விசை பெறும். இவ்விரண்டில் ஒன்றேனும் இல்லாத வண்டியைச் சேற்றுக்கு வாங்குவது வீண்செலவு என்பது நம் கருத்து.

சேற்றோடு நீரும் சேர்ந்தே வரும். பெரும்பாலான ஏ.டி.வி.க்களில் எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்வது இரு கப்பிகளுக்கிடையே ஓடும் ரப்பர் பெல்ட். அதன் உறைக்குள் நீர் புகுந்தால் பெல்ட் நழுவும். எஞ்சின் உறுமும், வண்டி நகராது. உறையின் அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வடித்தால் அது சரியாகும். எஞ்சின் மூச்சு வாங்கும் குழாயில் நீர் ஏறுவதுதான் பெருங்கேடு. காற்றை அமுக்கலாம்; நீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் சென்றால், மேலெழும் பிஸ்டன் அதன்மேல் மோதி, இணைப்புத் தண்டு நொடியில் வளைந்துவிடும். வாங்கிய விலையில் பெரும்பகுதி அந்த நொடியிலேயே போயிற்று எனலாம். ஆதலால் எஞ்சினுக்கும் பெல்ட் உறைக்கும் காற்று செல்லும் வாய்கள் எவ்வளவு உயரத்தில் உள்ளன என்று கடையிலேயே குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். கான்-ஆம் அவுட்லாண்டர் போன்றவற்றின் சேற்று வகைகளில் இவ்வாய்களை உயர்த்தியும், சேறு அடைக்காதவாறு ரேடியேட்டரை மேலே மாற்றியும் அமைக்கிறார்கள். ஹோண்டாவின் ராஞ்சர் வண்டியிலோ பெல்ட்டே இல்லை, முழுவதும் கியர்தான்.

எஞ்சினைப் பற்றி ஒரு சொல். பெரிய எஞ்சின் உள்ள வண்டி 400 கிலோவைத் தாண்டும்; நடுத்தரமானது 300 கிலோ அளவில் நிற்கும். கனத்த வண்டி ஆழமாகப் புதையும். முதன்முறை வாங்குபவர் 500 சி.சி. அளவோடு நின்று, மிஞ்சும் தொகையில் நல்ல டயரும் வின்ச் என்னும் இழுவைக் கருவியும் வாங்கிக்கொள்ளலாம். அக்கருவி, ஆளோடு சேர்ந்த வண்டியின் எடையைப்போல் ஒன்றரை மடங்காவது இழுக்கக்கூடியதாக இருக்கவேண்டும். இழுக்கும்போது கயிற்றுக்கு அருகே யாரும் நிற்கலாகாது.

அமெரிக்காவில் இவ்வகை வண்டிகளால் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் உயிரிழக்கிறார்கள். வண்டி கவிழ்ந்து மேலே விழுவது அதற்கு ஒரு முக்கிய காரணம். ஆழமற்ற சேற்றில்கூட வண்டியின் அடியில் அகப்பட்டவர் தாமே எழ முடியாது. தலைக்கவசமின்றியும் துணை வண்டியின்றியும் இறங்கவேண்டாம். ஒருவர் அமரும் வண்டியில் இருவரை ஏற்றவேண்டாம். 16 வயது நிரம்பாதவரிடம் பெரியவர்களுக்கான வண்டியைக் கொடுக்கவும் வேண்டாம். நம் நாட்டில் இவற்றுள் பெரும்பாலானவை பொதுச்சாலையில் ஓட்டப் பதிவு பெறாதவை. விலை பேசுமுன் அதனையும் விசாரித்துக்கொள்வது நலம்.

பழைய வண்டி வாங்குவோர் எண்ணெயின் நிறத்தைப் பார்க்கவேண்டும். எஞ்சின் எண்ணெயோ டிபரன்ஷியல் எண்ணெயோ பால் கலந்த காப்பிபோல் தோன்றினால், நீர் உள்ளே புகுந்திருக்கிறது. அச்சு மூட்டுகளை மூடியிருக்கும் ரப்பர் உறைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒன்று கிழிந்திருந்தாலும் மணல் உள்ளே சென்று மூட்டை அரைத்திருக்கும். அந்த மூட்டு மாற்றும் செலவைக் கழித்தே விலை சொல்லவேண்டும்.