வெள்ளிச் சொத்தும் திங்கள் தகப்பனும்

லட்சத்தீவில் வீடு அம்மாவுடையது. அப்பா இரவில் வந்து விடியலில் போகிறவராக இருந்தார். இப்போது அவரும் சொந்த வீடு கட்டுகிறார். பழைய ஏற்பாட்டில் யாருக்கு என்ன மிஞ்சும்?

தமிழ்நாட்டில் 'வீட்டோடு மாப்பிள்ளை' என்பது கேலிச் சொல். கொச்சியிலிருந்து மேற்கே 14 முதல் 18 மணி நேரம் கப்பலில் போனால், அந்தக் கேலிக்கு அர்த்தமே இல்லாத ஊர்கள் வருகின்றன. லட்சத்தீவின் மரபுப்படி ஆண் தன் தாயின் வீட்டைச் சேர்ந்தவன். அவனுடைய குழந்தைகளோ அவர்களுடைய தாயின் வீட்டைச் சேர்ந்தவர்கள். இரண்டு வீடுகளுக்கும் நடுவே தென்னந்தோப்பு வழியாக ஒரு மணல் பாதை. அந்தப் பாதையில் தினமும் நடப்பவர்தான் அப்பா.

இந்தியாவின் மிகச் சிறிய யூனியன் பிரதேசம் இது. மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். மக்கள் வசிக்கும் தீவுகள் பத்து. 2011ம் ஆண்டு கணக்கெடுப்பின்படி ஜனத்தொகை சுமார் 64 ஆயிரம். 1956 நவம்பர் 1ல் தனிப் பிரதேசமாகும் வரை இந்தத் தீவுகள் மதராஸ் மாநிலத்தின் மலபார், தென் கன்னட மாவட்டங்களோடு இருந்தன என்பது இன்று தமிழர்களில் பலருக்கு நினைவில்லை. இங்கே நூற்றுக்கு 96 பேர் முஸ்லிம்கள், ஷாஃபி பிரிவைப் பின்பற்றுபவர்கள். ஐவேளைத் தொழுகையிலும் நோன்பிலும் குறை வைக்காதவர்கள். கவரத்தி என்ற ஒரே தீவில் ஐம்பதுக்கு மேற்பட்ட பள்ளிவாசல்கள் உண்டு. ஆனால் குடும்பம் மட்டும் தாய்வழி.

இதுதான் வெளியிலிருந்து வருபவர்களைத் திகைக்க வைக்கும் புதிர். இஸ்லாமியச் சட்டத்தில் குடும்பத் தலைவர் தகப்பன். வம்சம் அவர் வழியில்தான். தாய்வழி முறையில் வீட்டு நிர்வாகம் தாய்மாமன் கையில் இருக்கிறது. வம்சம் பெண் வழியில் போகிறது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் எப்படி ஒத்துப்போகின்றன? மானுடவியலாளர் லீலா துபே கல்பேனித் தீவை வைத்து ஆராய்ந்தது இதைத்தான். 1969ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் பெயரே 'தாய்வழி முறையும் இஸ்லாமும்' என்ற பொருள் கொண்டது.

இந்தப் புதிருக்குத் தீவு மக்கள் கண்ட விடை எளிமையானது. அவர்கள் சொத்தைக் கிழமைகளாகப் பிரித்துவிட்டார்கள். தரவாடு எனப்படும் தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தின் பரம்பரைச் சொத்து 'வெள்ளியாழ்ச்ச சொத்து', அதாவது வெள்ளிக்கிழமைச் சொத்து. தோப்பும் வீடும் இதில் அடக்கம். இது பெண் வழியிலேயே போகும். இதை அனுபவிக்கலாம், தனி ஆளாக விற்க முடியாது. ஒருவர் தானே உழைத்துச் சம்பாதித்தது 'திங்களாழ்ச்ச சொத்து', திங்கட்கிழமைச் சொத்து. இது இஸ்லாமிய வாரிசுரிமைப்படி மனைவிக்கும் மக்களுக்கும் பிரியும். வழக்கத்துக்கு ஒரு கிழமை, மார்க்கத்துக்கு ஒரு கிழமை. பெரிய சண்டையில்லாமல் தீவு பல தலைமுறைகளை இப்படியே ஓட்டிவிட்டது.

இந்த ஏற்பாட்டில் தகப்பனின் இடம் எது? பழைய முறையில் அவர் பகலெல்லாம் தன் தாய் வீட்டு வேலையைப் பார்ப்பார். தேங்காய் வெட்டு, மீன்பிடிப்பு, படகு வேலை எல்லாம் அந்த வீட்டுக் கணக்கு. இரவுத் தொழுகை முடிந்த பிறகு மனைவி வீட்டுக்குப் போவார். விடியலில் திரும்பிவிடுவார். மனைவி, மக்களின் செலவுக்கு அரிசி, துணி, பணம் என்று கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த வீட்டில் அவர் முடிவெடுப்பவர் அல்ல, மரியாதைக்குரிய விருந்தாளி. அவர் அதிகாரம் செலுத்தும் குழந்தைகள் வேறு வீட்டில் இருந்தார்கள். அவர்கள் அவருடைய சகோதரியின் பிள்ளைகள்.

ஆனாலும் மார்க்கம் அவரை விருந்தாளியாக மட்டும் விட்டுவிடவில்லை. ஷாஃபி சட்டப்படி மணப்பெண்ணுக்குப் பொறுப்பாளர் இல்லாமல் நிக்காஹ் செல்லாது. அந்தப் பொறுப்பாளர்களில் முதலாமவர் தகப்பன். தாய்மாமன் எவ்வளவு பெரிய காரணவராக இருந்தாலும் அந்த இடத்தில் அவர் உட்கார முடியாது. சோறு போட்ட வீடு தாயுடையது. மகளைக் கைப்பிடித்துக் கொடுக்கும் வார்த்தை தகப்பனுடையது. வருடக்கணக்காக இருட்டில் நடந்து வந்த மனிதர் அந்த ஒரு நாள் ஊர் முன்னால் வெளிச்சத்தில் உட்காருகிறார்.

தெற்குக் கோடியில் இருக்கும் மினிக்காய் தீவின் கதை வேறு. பேச்சே வேறு. மற்ற தீவுகளில் மலையாளத்தோடு உறவுள்ள ஜஸரி பேசுகிறார்கள். இங்கே மாலத்தீவோடு உறவுள்ள மஹல். மினிக்காயில் கல்யாணம் முடிந்தால் ஆண் மனைவி வீட்டிலேயே குடியேறுகிறான். மனைவியின் வீட்டுப் பெயரால் அறியப்படுவதும் உண்டு. ஆனால் அவன் அந்த வீட்டில் இருப்பதே அபூர்வம். வணிகக் கப்பல்களில் மாலுமியாக உலகம் சுற்றுவது மினிக்காய் ஆண்களின் பரம்பரைத் தொழில். 1885ல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் தீவில் நிற்கிறது. அதன் வெளிச்சத்தில் வளரும் குழந்தைகளில் பலருக்கு அப்பா என்பவர் மாதக்கணக்கில் கடலில் இருப்பவர். வீடும் கிராமமும் பெண்கள் கையில் ஓடுகின்றன.

கடல் எல்லாத் தகப்பன்மாருக்கும் பொதுவான கவலை. அரிசியிலிருந்து பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வரை கப்பலில்தான் வர வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று எழுந்தால் சிறு கலங்கள் ஓட முடியாது. தீவில் முடியாத பிரசவமும் அறுவைச் சிகிச்சையும் கொச்சியை நோக்கித்தான் போக வேண்டும். மேல்படிப்புக்கும் பெரும்பாலும் கேரளம்தான். பதினேழு வயது மகளையோ மகனையோ கப்பலேற்றிவிட்டு நிற்பது இங்கே வருடாந்தர நிகழ்ச்சி. 1988ல் அகத்தியில் விமான நிலையம் வந்தது. 2005ல் சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் கவரத்தியில் அமைத்த நிலையம், தினமும் ஒரு லட்சம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கத் தொடங்கியது. 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து கடலடி கேபிள் வந்து சேர்ந்தது. ஊரிலில்லாத அப்பாவின் முகம் இப்போது கைபேசியில் தெரிகிறது.

ஆனால் கேபிளைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது மாதச் சம்பளம். அரசு வேலை பெருகிய பிறகு ஆணின் வருமானம் தரவாட்டுத் தோப்பிலிருந்து வரவில்லை. அவருடைய சம்பளம் முழுக்கத் திங்கட்கிழமைச் சொத்து. அதை வைத்து வீடு கட்டுகிறார். மனைவி, மக்களோடு அங்கே குடியேறுகிறார். சகோதரியின் மகனைவிடத் தன் மகனின் படிப்புச் செலவு முக்கியமாகிறது. மார்க்கமும் இதைத்தான் சொல்கிறது என்ற வாதம் துணைக்கு வருகிறது. பல தரவாடுகள் பாகம் பிரிந்துவிட்டன. மணல் பாதையில் இரவு நடை குறைந்து வருகிறது.

தகப்பனுக்கு இது லாபம்தான். காலையில் பிள்ளைகள் எழும்போது அவர் வீட்டில் இருக்கிறார். அவர்களுடைய படிப்பிலும் கல்யாணத்திலும் அவர் பேச்சு எடுபடுகிறது. இத்தனை காலம் கிடைக்காத உரிமை இது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. குழந்தைகளுக்கும் இது லாபமே.

நஷ்டக் கணக்கு பெண்ணின் பக்கம் எழுதப்படுகிறது. பழைய முறையில் கணவன் விட்டுப் போனாலும், இறந்தாலும் அவள் தலைக்கு மேல் இருந்த கூரை அசையாது. மணமுறிவு சுலபம், ஆனால் அதனால் தெருவுக்கு வந்தவள் என்று யாரும் இல்லை. வெளியேற வேண்டியவன் ஆண்தான். அவனும் போவது தன் தாய் வீட்டுக்கு. கணவன் பெயரில் உள்ள புதிய வீட்டில் இந்த உத்தரவாதம் கிடையாது. வாரிசுரிமைப்படி மகளுக்கு மகன் பங்கில் பாதி. வெள்ளிக்கிழமைச் சொத்தில் முழு உரிமை பெற்றிருந்தவளுக்கு இது பெரிய இறக்கம். சதுர கிலோமீட்டருக்கு 2,000 பேருக்கு மேல் வாழும் தீவில், இருக்கிற தோப்பைத் துண்டு போட்டுக்கொண்டே போனால் கடைசியில் யாருக்கும் நிழல் மிஞ்சாது என்பது இன்னொரு கவலை.

கேரளத்தில் கூட்டுக் குடும்ப முறை ஒழிப்புச் சட்டம் 1975ல் வந்து, மறு ஆண்டு அமலானபோது மருமக்கள் தாயம் சட்டப்படி முடிந்தது. அந்தச் சட்டம் தீவுகளைத் தொடவில்லை. இங்கே முடிவு குடும்பங்களின் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு வழி தெரிகிறது. காயல்பட்டினத்தில் இன்றும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருகிறார். வீட்டை மகளுக்கு என்று கொடுக்கும் வழக்கம் நிற்கிறது. மார்க்கத்தை மீறிவிட்டோம் என்று அங்கே யாரும் பதறவில்லை. இஸ்லாமியச் சட்டத்திலும் ஒருவர் உயிரோடு இருக்கும்போது மகளுக்கு அன்பளிப்பாக எழுதித்தரத் தடையில்லை. தீவுத் தகப்பன் தன் திங்கட்கிழமைச் சொத்திலிருந்து மகளுக்கு ஒரு வெள்ளிக்கிழமைக் கூரையைக் கட்டிக் கொடுக்கலாம். அதற்குப் புதிய சட்டம் வேண்டாம், மனசு போதும்.

நிலமும் பெயரும் வீட்டுச் சாவியும் இல்லாமலே இந்தத் தீவுகளில் பல தலைமுறை ஆண்கள் தகப்பனாக இருந்திருக்கிறார்கள். தினமும் வந்து போனதுதான் அவர்களுடைய உரிமைப் பத்திரம். சாவி இப்போது கைக்கு வந்திருக்கிறது. அதன் இன்னொரு பிரதி மகளிடமும் இருக்குமா என்பதுதான் கேள்வி.