கல்லின் பச்சை எதற்குச் சாட்சி?

பச்சை நிறத்தைப் பார்த்து ஏலக்காயைத் தரம் பிரிப்பது போடிநாயக்கனூர் சந்தையின் வழக்கம். காய்க்குப் பொருந்தும் இந்த அளவுகோல் கல்லுக்குப் பொருந்தாது. ஊருக்கு மேற்கே உயரும் மலையின் பாறை சார்னோக்கைட். புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய் பூசியதுபோல் கரும்பச்சை மினுங்கும். அந்த நிறம் பெரும்பாலும் ஃபெல்ஸ்பார் என்னும் கனிமத்தில் தங்கியிருக்கிறது. அமேசானைட் என்று நகைக்கடைகளில் விற்கும் நீலப்பச்சைக் கல்லும் ஃபெல்ஸ்பார் இனமே. அப்படியானால் மலை முழுக்க ரத்தினமா? இல்லை. இரண்டு பச்சைகளும் பிறந்த விதமே வேறு.

அமேசானைட் என்பது மைக்ரோக்ளின் என்ற பொட்டாசியம் ஃபெல்ஸ்பார். கடினத்தன்மை 6 முதல் 6.5 வரை, குவார்ட்ஸின் 7-ஐவிடக் குறைவு. ஏறத்தாழச் செங்கோணத்தில் சந்திக்கும் இரு தளங்களில் எளிதில் பிளக்கும் என்பதால் பட்டை தீட்டுவதைவிட வழவழப்பான குமிழாக இழைப்பதே அதிகம். இதன் நிறத்துக்குச் செம்பு காரணம் என்று நெடுங்காலம் எண்ணினார்கள். படிகத்துக்குள் சிக்கிய சிறிதளவு ஈயமும் நீரும், இயற்கைக் கதிரியக்கமும் சேர்ந்தே அதை உண்டாக்குகின்றன என்று 1985-இல் ஹாஃப்மைஸ்டரும் ராஸ்மனும் விளக்கினார்கள். சூடேற்றினால் அந்த நிறம் போய்விடும். சார்னோக்கைட்டோ பூமியின் ஆழத்தில் 700 டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில், நீர் மிகக் குறைந்த சூழலில் உருவான பாறை. அதன் ஃபெல்ஸ்பாரில் உள்ள நுண்விரிசல்களை நிரப்பிய பச்சைக் கனிமங்களே நிறத்துக்குக் காரணம் என்று நுண்ணோக்கி ஆய்வுகள் சொல்கின்றன. ஒன்றின் பச்சை படிகத்துக்குள்ளேயே உண்டாவது. மற்றதன் பச்சையோ விரிசல்களை நிரப்பிய கனிமங்களிலிருந்து வருவது.

சார்னோக்கைட் மலைகளையும் பெக்மடைட் என்னும் பெரும்படிகப் பாறை நரம்புகள் ஊடுருவுவதுண்டே, அமேசானைட் விளைவது அவற்றில்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கான சான்று நிறம் அல்ல. ஒளிவிலகல் எண் 1.52 முதல் 1.53 வரை இருக்கிறதா, நீரைப்போல் சுமார் 2.56 மடங்கு அடர்த்தி இருக்கிறதா என்ற சோதனைகளே முதல் சான்று. ரத்தினம் இல்லையென்றால் மலைக்கு மதிப்பில்லையா என்பது அடுத்த கேள்வி. இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு இதே மலைப்பகுதியில் பொட்டிபுரம் அருகே இடம் தேர்ந்ததற்கு, ஆய்வுக்கூடத்தின் தலைக்குமேல் 1 கிலோமீட்டருக்கும் மிகுந்த உறுதியான இந்தப் பாறை கிடைப்பது ஒரு முக்கியக் காரணம். அந்தத் திட்டம் வேண்டுமா என்ற வழக்கு தனி. அதை எதிர்ப்பவர்களும்கூடக் காக்க நினைப்பது இந்த மலையைத்தான். மோதிரத்தில் ஏறாத கல்லுக்கும் மதிப்புண்டு. அதை அறிய நிறத்தைத் தாண்டி, கல் பிறந்த சூழலைப் படிக்க வேண்டும்.